ஞாயித்துக்கிழமை மியூசியம் - 9: ஒத்தைக் கண்ணுக்கு ராத்கோ

போன வாரம் பொல்லாக் பத்தி எழுதி முடிக்கும்போது "அடுத்து வண்ணமும் ஆழமும்"னு ஜம்பமாச் சொல்லிட்டுப் போயிட்டேன். எழுத உக்காந்தப்பதான் மாட்டிக்கிட்டேன். காரணம் என் ரூம்மேட்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பய லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து ஒரு படம் காட்டினான். கறுப்புப் பின்னணியில ஒரு சிவப்புக் கட்டம், ஒரு நீலக் கட்டம். அவ்வளவுதான்.

"டேய், சிவப்பு எப்படி முன்னாடி வந்து மிதக்குது பாரு. நீலம் குழிக்குள்ள கெடக்கு."

பாத்தேன். தலையைச் சாய்ச்சுப் பாத்தேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டுப் பாத்தேன். ரெண்டு கட்டமும் ஒரே தளத்துல சமர்த்தா உக்காந்திருந்தது.

"மிதக்கலையே.."

"நெஜமாவா?" என்றவனுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ஓ.. சாரிடா" என்று லேப்டாப்பை மூடிட்டான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு இடது கண் சோம்பேறிக் கண். பார்வை இருக்கு, ஆனா மூளை அதை அவ்வளவா மதிக்கிறதில்லை. இது எங்க வீட்டுக்குத் தெரிஞ்சதே 'அவதார்' படத்தால. 2009 டிசம்பர், அரைப்பரீட்சை லீவு, எனக்கு ஒன்பது வயசு. தியேட்டர்ல 3டி கண்ணாடி குடுத்தாங்க. பக்கத்து சீட்டுப் பசங்க எல்லாம் காத்துல கையை நீட்டி எதையோ பிடிக்கிறானுங்க. நான் மட்டும், என்னடா இது, இருட்டா ஒரு படம் ஓடுதுன்னு உக்காந்திருந்தேன். இடைவேளையில அம்மாகிட்ட "எனக்குக் குடுத்த கண்ணாடி ரிப்பேரும்மா"ன்னு சொன்னேன். அம்மா தன்னோடதைக் கழட்டிக் குடுத்தாங்க. அதுவும் "ரிப்பேர்".

அடுத்த வாரம் டாக்டர். ரெண்டு கண்ணும் அனுப்பற ரெண்டு படத்தைச் சேர்த்து ஆழம் கண்டுபிடிக்கிற வேலையை மூளை சின்ன வயசுலயே பழகிக்கணுமாம். நல்ல கண்ணை மூடி பேட்ச் ஒட்டினதுல இடது கண் பார்வை கொஞ்சம் தேறுச்சு. ஸ்டீரியோ பார்வை வரவே இல்லை. "இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்"னு டாக்டர் போற போக்குல ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அம்மா இன்னிக்கு வரைக்கும் விடலை. நான் வாழ்ந்துட்டுதான் இருக்கேன். கேட்ச் விடுவேன், டம்ளருக்கு வெளிய தண்ணி ஊத்துவேன், கீழ இறங்கற எஸ்கலேட்டர்ல முதல் படியில கால் வைக்கறதுக்குள்ள பின்னாடி ஒரு கியூ சேர்ந்துடும் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தச் சிவப்பு ஏன் மிதக்குது? ஈ.சி.ஜி. மெஷினுக்காக 1924ல் நோபல் வாங்கின ஐந்தோவன் என்கிற டச்சுக்காரர், படிக்கிற காலத்துல, 1885ல், இதைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணினார். நம்ம கண் லென்ஸ் நீலத்தை அதிகமா வளைக்கும், சிவப்பைக் கம்மியா. அதோட நாம பாக்கிற கோடு கண்ணோட நட்ட நடு வழியாப் போறதில்லை, கொஞ்சம் ஒதுங்கித்தான் போகுது. அதனால சிவப்பும் நீலமும் விழித்திரையில லேசா பக்கவாட்டுல விலகி விழும். வலது கண்ணுல ஒரு பக்கம், இடது கண்ணுல அதுக்கு எதிர்ப்பக்கம். ரெண்டையும் சேர்க்கிற மூளை, "ஓ, தூரம் வேற வேற போல"ன்னு முடிவு கட்டிடுது. பெரும்பாலானவங்களுக்குச் சிவப்பு முன்னாடி வரும். சிலருக்கு நீலம் வரும்.

ஆக, இது ரெண்டு கண்ணு இருந்தாத்தான் நடக்கிற மாயம்.

எனக்கு இங்கதான் திக்னு ஆச்சு. அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் பத்தி எந்தப் புத்தகத்தைத் தொறந்தாலும் இருக்கும்: சூடான நிறங்கள் முன்னே வரும், குளிர்ந்த நிறங்கள் பின்னே போகும், அதை வெச்சே கேன்வாஸ்ல ஆழம் கொண்டு வந்தாங்கன்னு. எட்டு வாரமா நானும் இங்க உக்காந்து ஆழம், ஆழம்னு ஜல்லியடிச்சிருக்கேன். நெஜமாவே பாத்தேனா, இல்ல படிச்சதை ஒப்பிச்சேனா? 3டி தியேட்டர்ல எல்லாரும் கை நீட்டறதைப் பாத்துட்டு நானும் கை நீட்டின கதையா?

ராத்திரியே ஹான்ஸ் ஹாஃப்மனைத் தூசி தட்டினேன். 1880ல் ஜெர்மனியில பொறந்தவர். 1915ல் மியூனிக்ல ஓவியப் பள்ளி ஆரம்பிச்சார். 1930ல் அமெரிக்கா வந்து பெர்க்லியில சொல்லிக் குடுத்தார், அப்புறம் நியூயார்க்ல சொந்தப் பள்ளி. லீ கிராஸ்னர், ஹெலன் ஃபிராங்கன்தாலர் எல்லாம் அவர்கிட்டப் படிச்சவங்க. 1958ல், 78 வயசுல, பள்ளியை மூடிட்டு முழுநேரமா வரைய உக்காந்தார். அவரோட பேர் போன பெரிய செவ்வகப் படங்கள்ல பல அதுக்கப்புறம் வந்தவை. (நமக்கு இருபத்து நாலு வயசுலயே "லைஃப்ல லேட் ஆயிடுச்சு"ன்னு பொலம்பல்.)

அவரோட கொள்கைக்குப் பேரு 'புஷ் அண்ட் புல்'. தள்ளுறதும் இழுக்குறதும். அதுக்கு முன்னாடி ஐரோப்பிய ஓவியத்துல ஆழம்னா பெர்ஸ்பெக்டிவ்: ரெண்டு தண்டவாளம் தூரத்துல ஒரு புள்ளியில சேர்றது, தூரத்து மரம் சின்னதாகறது. ஹாஃப்மன் அது வேண்டாங்கிறார். அப்படி வரைஞ்சா படத்துல ஓட்டை போட்ட மாதிரி, பார்வை உள்ள போகுமே தவிர திரும்பி வராதுன்னு அவர் எண்ணம். ஒரு நிறம் உள்ள போனா, இன்னொண்ணு வெளிய வரணும். இந்த இழுபறிக்கு நடுவுல கேன்வாஸ் தட்டையாவும் இருக்கணும், மூச்சு விடவும் செய்யணும். மாணவர்கள் வரைஞ்ச படத்தைக் கிழிச்சு, துண்டுகளை இடம் மாத்தி வெச்சுக் காட்டுவாராம். தன்னோட கேன்வாஸ்லயும் கலர் பேப்பர்ச் செவ்வகங்களைக் குத்தி வெச்சு, நகர்த்திப் பாத்துட்டுதான் பெயின்ட் வைப்பாராம்.

கலர் பேப்பர்தானே, நம்மகிட்டயும் இருக்கே! சனிக்கிழமை காலையில கிச்சன் டேபிள்ல கடை பரப்பினேன். ஒரே ஆரஞ்சு அட்டையில ரெண்டு சதுரம் வெட்டினேன். ஒண்ணைச் சாம்பல் நிறத் தாள் மேல வெச்சேன். பளிச்சுனு முன்னாடி வந்து நின்னது. இன்னொண்ணைப் பளீர் மஞ்சள் மேல வெச்சேன். மங்கி, ஜன்னல் மாதிரி உள்ள போயிடுச்சு. ரெண்டும் ஒரே அட்டை! அப்புறம் கரு நீலத்துண்டு ஒண்ணைக் கத்தரிச்சு, ஆரஞ்சோட மூலையை மறைக்கிற மாதிரி வெச்சேன். குளிர் நிறமாவது, சூடு நிறமாவது.. நீலம் ஜம்முனு முன்னாடி நிக்குது.

எனக்குத் தெரிஞ்சது. படிச்சதை ஒப்பிக்கலை. நானே பாத்தேன்.

அப்போதான் புரிஞ்சது. ஆழம் சிவப்புக்குள்ளயோ நீலத்துக்குள்ளயோ இல்லை. பக்கத்துல எந்த நிறம் இருக்கு, எது வெளிச்சம், எது மங்கல், எது எதை மறைக்குது, ஓரம் கத்தி மாதிரி இருக்கா பஞ்சு மாதிரி இருக்கா.. இதுங்களுக்கு நடுவுலதான் இருக்கு. ஐந்தோவன் சொன்னது இதுல ஒரு பங்கு. அந்தப் பங்கு எனக்குக் கிடைக்காது. ஹாஃப்மனோட ஒரு சிவப்பு உங்களைத் தொடுற அளவுக்கு என்னைத் தொடாமப் போகலாம். மீதிப் பங்கெல்லாம் ஒத்தைக் கண்ணுக்கும் உண்டு.

அட்டையில பாத்தாச்சு, அசல்ல பாக்கணுமே. ஞாயித்துக்கிழமை ரூம்மேட்டையும் இழுத்துக்கிட்டு வாஷிங்டன் போனேன். டூபான்ட் சர்க்கிள் ஸ்டேஷன்ல இறங்கினா ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன் நடக்கிற தூரம். (அந்த ஸ்டேஷன் எஸ்கலேட்டர் மலை மாதிரி நீளம். ஏறும்போது பிரச்சினை இல்லை. திரும்பி இறங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்.) அங்க 1960ல் மார்க் ராத்கோவுக்குன்னே ஒரு சின்ன அறை ஒதுக்கினாங்க. நாலு சுவர், நாலு படம், நடுவுல ஒரு பெஞ்சு. பெஞ்சு ராத்கோவே கேட்டு வாங்கினது. பெரிய படம், சின்ன அறை. எங்க உக்காந்தாலும் தப்பிக்க முடியாது.

நான் உக்காந்தது 'க்ரீன் அண்ட் டேஞ்சரின் ஆன் ரெட்' முன்னாடி. 1956ல் வரைஞ்சது, ஆளை விட உசரம். படம் முழுக்கச் சிவப்பு, அது மேல மேலாப்புல ஒரு கரும்பச்சைக் கட்டம், கீழ ஒரு ஆரஞ்சுக் கட்டம். புத்தக விதிப்படி சிவப்பு முன்னாடி, பச்சை பின்னாடி. ஆனா ராத்கோ சிவப்பை அடியில போட்டுட்டு அது மேல பச்சையை வைக்கிறார். நிறம் ஒண்ணு சொல்லுது, அடுக்கு வேற சொல்லுது. முதல்ல எனக்குப் பச்சை ஒரு திரை மாதிரி சிவப்பு மேல தொங்கிச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா ஓரத்துச் சிவப்பு ஜன்னல் சட்டமாயிடுச்சு, பச்சை அதுக்குள்ள தெரியற இருட்டு. கண்ணைச் சிமிட்டினா மறுபடி திரை. கட்டங்களோட ஓரம் எல்லாம் பஞ்சு. இங்கதான் முடியுதுன்னு கோடு போட்டுச் சொல்ல எதுவும் இல்லை. பெயின்ட்டும் தண்ணி மாதிரி மெலிசு, அடியில இருக்கிற நிறம் மேல கசியுது. தூரத்தை அளக்க மூளைக்குப் பிடிமானமே குடுக்காம வெச்சிருக்கார் மனுஷன்.

சந்தேகம் தீராம ரூம்மேட்டைக் கேட்டேன். "உனக்கு என்ன தெரியுது?"

"சொன்னா கோவிச்சுக்காத. சுவத்துல ஒரு துணி."

"ஒரு கண்ணை மூடிட்டுப் பாரு."

மூடினான். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. "அட.. உள்ள போகுதுடா."

இது ஒண்ணும் மந்திரம் இல்லை. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா, "இது தட்டை, இத்தனை அடி தூரத்துல ஒரு துணி"ன்னு மூளைக்குச் சாட்சி போய்க்கிட்டே இருக்கும். ஒரு கண்ணை மூடினா அந்தச் சாட்சி வாயை மூடிக்கும். நிறம் சொல்ற கதையை மூளை கேக்கத் தொடங்கும். கிளமெண்ட் கிரீன்பெர்க் என்கிற பெரிய விமர்சகர், நவீன ஓவியத்தோட சாரமே தட்டைத்தன்மைன்னு 1960ல் சொன்னவர். அவரே, கேன்வாஸ்ல முதல் புள்ளி வெச்ச உடனே முழுத் தட்டை போயிடுது, பழைய ஓவியத்துக்குள்ள நடந்து போறதா கற்பனை பண்ணலாம், இதுக்குள்ள கண்ணு மட்டும்தான் போக முடியும்னு ஒத்துக்கறார். கண்ணு மட்டும். எத்தனை கண்ணுன்னு அவர் கணக்குக் கேக்கலை!

எனக்கு எப்பவுமே அந்தச் சாட்சி கிடையாது. தியேட்டர்ல தோத்த ஆட்டத்துல, இந்த அறையில நான் ஆரம்பத்துல இருந்தே உள்ளதான் இருந்திருக்கேன் போல. 2004ல் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் ரெண்டு பேர் ரெம்பிராண்டோட 36 சுய உருவப்படங்களைப் பாத்துட்டு, அவருக்கும் ஸ்டீரியோ பார்வை இல்லாம இருந்திருக்கலாம்னு எழுதினாங்க. ஊகம்தான், நிரூபணம் இல்லை. இருந்தாலும் அன்னிக்கு அந்தப் பெஞ்சுல அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டேன்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசல்லயே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அங்க ராத்திரி சாப்பாடு முடிஞ்ச நேரம். கலர் அட்டை, பச்சைத் திரை, ரூம்மேட் கண்ணை மூடினது எல்லாம் சொன்னேன்.

"அந்தப் படத்துல தூரம் பக்கம் எல்லாம் உனக்குத் தெரியுதா தம்பி?"

"தெரியுதும்மா. அவனுக்குத்தான் தெரியலை. கண்ணை மூடச் சொல்லிக் காமிச்சேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் கண்ணாடி ரிப்பேர்தான்டா"ன்னாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சு முதல் தடவையா அந்த தியேட்டரை நினைச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம். முன்னாடி எஸ்கலேட்டர். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முதல் படிக்குக் கொஞ்சம் காத்திருந்தேன். பின்னாடி வழக்கம் போல கியூ. ஓவியம் படிக்கட்டுக்கு உதவாது :-)

பி.கு.: வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா, ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கண் டாக்டர்கிட்டக் காட்டிடுங்க. ரெண்டு கண்ணையும் தனித்தனியாப் பாக்கச் சொல்லுங்க. ஒரு கண்ணு நல்லா இருந்தா குழந்தைக்கு இன்னொண்ணு வேலை செய்யலைன்னு தெரியவே தெரியாது. எனக்குத் தெரியலை.

அடுத்த வாரம் ஹெலன் ஃபிராங்கன்தாலர். பூச்சு போடாத கேன்வாஸ்ல பெயின்ட்டை ஊற வெச்சா ஆழம் என்ன ஆகும்னு பாக்கலாம்.