குற்றம் வட்டில் இல்லை

3 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய யூஎஸ்பி உறையில் போட்டு லினக்ஸில் செருகினால், சில சமயம் 801 ஜிகாபைட் என்றுதான் காட்டும். வாங்கியவர் கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பிவிடுவார். வட்டில் ஒரு குறையும் இருக்காது.

உறைக்குள் இருக்கும் சில்லுதான் காரணம். 512 பைட் செக்டார்களை அது 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 2.2 டெராபைட்டோடு அந்த எண்ணிக்கை தீர்ந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். மிச்சமே அந்த 801. எம்பிஆர் பகிர்வு அட்டவணைக்கும் இதே எல்லைதான். பெரிய வட்டுகளுக்கு ஜிபிடி அட்டவணை வந்தது இதனால்தான்.

சில உறைகள் இன்னொரு வேலை செய்யும். 512 பைட் செக்டாரை 4096 என்று கணினியிடம் சொல்லும். அதே வட்டைக் கழற்றி நேரடியாக சாட்டாவில் மாட்டினால் பகிர்வுகளே காணாமல் போகும். தரவு முழுதாக அப்படியே இருக்கும். இந்த நிலையில் ஃபார்மேட் செய்பவரே (செய்பவர்கள் ஏராளம்!) அதை அழிக்கிறார்.

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், மின்சாரத்தையும் கேபிளையும் முதலில் சந்தேகிக்கலாம். யூஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். கர்னல் பதிவில் 'யுஏஎஸ்' (புதிய யூஎஸ்பி சேமிப்பு முறை) பிழைகள் வரிசைகட்டினால், அந்த உறைக்கு மட்டும் பழைய யூஎஸ்பி சேமிப்பு டிரைவரைப் பயன்படுத்தக் கர்னலிடம் சொல்லலாம்.

கர்னல் பதிவைப் படிக்காமல், உறையை மாற்றிப் பார்க்காமல் ஃபார்மேட் பொத்தானைத் தொடாதீர்கள்.