தடித்த புத்தகத்தைக் கண்டு ஓடாதீர்கள்!

"அண்ணே, இந்தப் படிப்ப விட்டுடலாம்னு நினைக்கிறேன்."

சென்ற மாதம் ஈப்போவில் ஓர் உணவுக்கடையில் ஒரு தம்பி என்னிடம் இப்படிச் சொன்னான். கணினித் துறையில் டிப்ளோமா, இரண்டாம் பருவம். அவனுடைய தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால் மரம் சீவியவர்கள். தோட்டம் போய்விட்டது. குடும்பம் இப்போது மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் எஸ்பிஎம் தாண்டிப் படிக்கும் முதல் பிள்ளை அவன்.

மடிக்கணினியைத் திறந்து, ஜாவாவில் தான் எழுதிய சிறிய வலைத்தளத்தைக் காட்டினான். ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு என்ன சிக்கல் என்று கேட்டேன்.

"ஓடுதுண்ணே. ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியல. லெக்சரர் ஒரு வரிய மாத்தச் சொன்னா கை நடுங்குது."

பாதியைக் காணொளிகளைப் பார்த்து எழுதியிருக்கிறான். மீதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஒட்டியிருக்கிறான். இந்தத் துறையில் ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து படித்தாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2005-இல் நானும் அப்படித்தான் இருந்தேன். என் அம்மாவும் பால் மரம் சீவியவர்தான். ஈப்போவில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, மூத்த மாணவர் ஒருவர் 'ஜே2ஈஈ டுட்டோரியல்' என்ற தலையணை போன்ற ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா மென்பொருளைக் கற்றுத்தர வெளியிட்ட பயிற்சி நூல் அது. வங்கி, காப்பீடு, விமான முன்பதிவு போன்றவற்றில் நாம் பார்ப்பது திரையை மட்டும்தான். கணக்கும் காவலும் பின்னால் இருக்கும் சர்வரில் நடக்கின்றன. அந்தப் பின்புற வேலையைத்தான் அந்த நூல் பேசியது.

பயனரின் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் ஒரு சின்ன எடுத்துக்காட்டை ஓடவைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு முறை புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு நானே ஒரு தளம் எழுதி, நண்பர்கள் இருவரை ஒரே நேரத்தில் உள்ளே வரச் சொன்னேன். ஒருவன் திரையில் மற்றவனின் பெயர் வந்தது!

காரணத்தைத் தேடித்தான் சர்வ்லெட் பற்றிய அத்தியாயத்துக்கு மறுபடியும் போனேன். பொதுவாக, ஒரே சர்வ்லெட்தான் வரும் கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கவனிக்கிறது. நான் பயனரின் பெயரை எல்லாருக்கும் பொதுவான இடத்தில் எழுதி வைத்திருந்தேன். பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியிடம் ஒரே ஒரு சிலேட்டு. அம்மாவின் எடையை எழுதி, செக்ரோலில் ஏற்றுவதற்குள் அடுத்தவர் எடையை அதன்மேல் எழுதிவிட்டால் அம்மாவின் அன்றைய உழைப்பு யார் கணக்கில் போகும்? அன்றைக்குப் புரிந்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அந்த நூலின் கடைசிப் பகுதியில் 'டியூக்ஸ் பேங்க்' என்று ஒரு மாதிரி வங்கி வரும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றவேண்டும். முதல் கணக்கில் கழித்தாயிற்று. இரண்டாவதில் சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. இப்போது பணம் எங்கே? இரண்டு வேலையும் முடியவேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காததுபோல் ஆகிவிடவேண்டும். இதற்குத்தான் 'டிரான்சாக்‌ஷன்' என்று பெயர். சில ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரில் ஒரு நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே இதுதான். என்னோடு வந்திருந்த இருவரிடம் என்னைவிட நல்ல சான்றிதழ்கள் இருந்தன. வேலை எனக்குக் கிடைத்தது.

"அதெல்லாம் பழைய கதை அண்ணே" என்று இளையோர் சொல்வார்கள். உண்மைதான். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. 2017-இல் இந்தத் தொழில்நுட்பத்தை எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தது. 2018-இல் பெயரே 'ஜகார்த்தா ஈஈ' என்று மாறியது. 2020-இல் நிரலுக்குள் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பட்டன. என் பழைய புத்தகத்தின் எடுத்துக்காட்டை இன்றைய சர்வரில் அப்படியே போட்டால் ஓடாது.

ஆனால் எது பழசானது என்று பாருங்கள். பெயர்களும் கட்டளைகளும்தான். ஒரே நேரத்தில் இருவர் வந்தால் என்ன ஆகும், பாதியில் அறுந்தால் என்ன ஆகும், உள்ளே வந்தவர் யார் என்று எப்படி உறுதி செய்வது என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. இன்று நிறுவனங்கள் கேட்கும் ஸ்பிரிங் பூட்டுக்கு அடியிலும் பெரும்பாலும் அதே சர்வ்லெட்தான் இருக்கிறது. காணொளியையும் செயற்கை நுண்ணறிவையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை நாம் கேட்ட கேள்விக்கு விடை தரும். கேட்கத் தெரியாத கேள்வியை வரிசைப்படி நம் முன் கொண்டுவந்து வைப்பது நல்ல பயிற்சி நூல்தான்.

விலையும் ஒரு தடையில்லை. இன்றைய ஜகார்த்தா ஈஈ பயிற்சி நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான தடை ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய மொழியில் இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளைக்கு, நீண்ட ஆங்கில வாக்கியங்களில் கணினியைப் படிப்பது மலை ஏறுவதுபோல. அவன் தோற்பது கணினியிடம் அல்ல. ஆனால் "நமக்கு மூளை இல்லை" என்று முடிவுகட்டிப் பாதியில் நின்றுவிடுகிறான். இந்த இழப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்கு வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒரு மரம் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து தோட்டமே வாங்கினார்கள். தடித்த புத்தகத்தையும் அப்படி வாங்கலாம். ஐந்து பேர் சேருங்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம். படித்தவர் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். கலைச்சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எடுத்துக்காட்டை நகலெடுத்து ஒட்டாமல் கையால் தட்டச்சு செய்யுங்கள். ஓடிய பிறகு வேண்டுமென்றே ஒரு வரியை அழித்து, என்ன பிழை வருகிறது என்று பாருங்கள். பிழைச் செய்தியைப் பயப்படாமல் படிக்கத் தெரிந்தவன் பாதி நிரலாளன்.

கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, பொது நூலகம் என்று எதுவும் போதும். பொறுப்பில் இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து விடுங்கள். இத்துறையில் வேலை செய்யும் நம்மவர்கள் மாதம் ஒரு முறையாவது வந்து உட்காருங்கள்.

அந்தத் தம்பி படிப்பை விடவில்லை. தன் வகுப்பு நண்பர்கள் மூவரை அழைத்து வந்தான். சென்ற சனிக்கிழமை முதல் அத்தியாயத்தைத் தொடங்கினோம். இரண்டு மணி நேரத்தில் நான்கு பக்கம்தான் நகர்ந்தது. அடுத்த சனிக்கிழமை ஐந்தாம் பக்கத்தை அவன் தமிழில் விளக்கவேண்டும்.