வீட்டுமனைகளாகும் வயல்கள்: சட்டத்தின் இடைவெளியில் திருவனந்தபுரம்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் 2023 அக்டோபர் நடுவில் ஓரிரவு பெய்த கனமழை பல குடியிருப்புகளை வெள்ளத்தில் ஆழ்த்தியது. கழக்கூட்டம் பகுதியில் தெற்றியாறு பெருக்கெடுத்ததால் டெக்னோபார்க் வளாகத்தின் ஒரு பகுதியிலும் நீர் புகுந்தது. மழையின் கடுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. நீர் தங்கிச் செல்ல வேண்டிய தாழ்நிலங்கள் மனைகளாக மாறியதும் முக்கியக் காரணமாகும்.

நிலம் சொல்லும் உண்மை

திருவனந்தபுரம் குன்றுகளும் பள்ளங்களும் மாறி மாறி அமைந்த நகரம். மேட்டில் வீடுகளும் தென்னந்தோப்புகளும், பள்ளத்தில் 'ஏலா' எனப்படும் நெல்வயல்களும் இருப்பது அதன் பழைய அமைப்பு. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரை வயல்கள் தாங்கிப் பிடித்தன. பின்னர் அது ஓடைகள் வழியே மெல்ல வடிந்தது. பட்டம், ஆமயிழஞ்சான் ஓடைகளின் நீர் ஆக்குளம் ஏரியைச் சென்றடைகிறது. எனவே குடியிருப்பைச் சூழ்ந்த பசுமை வெறும் அழகுக்கானது அன்று. அந்தக் குடியிருப்பின் வடிகாலும் அதுவே.

வீட்டுத் தேவையும் மறுக்க முடியாதது. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 1,508 பேர் வாழ்ந்தனர். கேரளத்தில் இதுவே மிக உயர்ந்த அடர்த்தியாகும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

1970-களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரானது. பின்னர் அது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. இந்தச் சரிவைத் தடுக்கவே 2008-ல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேறு நிலம் இல்லாத உரிமையாளர் வீடு கட்டிக்கொள்ள ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை அதில் விலக்கு உண்டு.

2018-ல் செய்யப்பட்ட திருத்தம், தரவுப் பட்டியலில் வயலாகச் சேர்க்கப்படாத நிலங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வழி திறந்தது. மாற்றப்படும் நிலம் 50 சென்டுக்கு மேல் இருந்தால், அதில் 10 விழுக்காட்டை நீர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

சிக்கல் இங்கேதான் உள்ளது. ஒருவர் 60 சென்ட் நிலத்தை மாற்றினால் 6 சென்ட் நீருக்குக் கிடைக்கும். அதே பரப்பைப் பன்னிரண்டு பேர் ஐந்தைந்து சென்டாக மாற்றினால், அந்த நிபந்தனையின்படி நீருக்கு ஒரு சென்ட்கூட மிஞ்சாது. ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியே நியாயமானதாக இருக்கலாம். அவற்றின் மொத்த விளைவோ ஓர் ஏலாவின் அழிவு. மனையை மட்டும் பார்த்து வழங்கப்படும் அனுமதி, நீரின் பாதையைப் பார்ப்பதில்லை.

உரிமையாளரின் தரப்பு

பாதுகாப்பின் சுமை முழுவதையும் சிறு உரிமையாளர்மீது ஏற்றுவதும் முறையாகாது. வயலைக் காப்போருக்கு 2020-ல் கேரள அரசு அறிவித்த ஊக்கத்தொகை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். அதாவது, சென்டுக்குச் சுமார் 8 ரூபாய். மனையாக்கினால் அதே சென்ட் லட்சங்களில் விலைபோகும் நகரத்தில் இத்தொகை யாரையும் தடுத்து நிறுத்தாது. நிலத்தின் மதிப்பு குறையும் என்ற அச்சம், நில வகைப்பாட்டுத் திட்டங்களுக்கு எதிர்ப்பு எழவும் காரணமாகிறது.

முன்மாதிரிகள்

இதே நகரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அமைத்தார். மேட்டைச் சமன்படுத்தாமல், மரங்களுக்கு இடம்விட்டுச் சுவர்களை வளைத்துக் கட்டினார். நிலத்தின் போக்கை ஏற்றுக் கட்டுவது செலவையும் குறைக்கும் என்பதை அவரது பணி காட்டியது.

சென்னையின் பள்ளிக்கரணை மற்றொரு பாடம். 2022-ல் ராம்சர் தகுதி பெற்ற அச்சதுப்புநிலத்தைச் சுற்றி எழும் கட்டடங்கள் தொடர்பான வழக்குகள், எல்லைக்கோட்டுக்கு உள்ளே உள்ள நிலத்தைக் காப்பது மட்டும் போதாது என்பதை உணர்த்துகின்றன.

திருவனந்தபுரத்துக்குத் தேவைப்படுவது மனை அளவிலான விதி அன்று. ஏலா அளவிலான திட்டம். முதலில் நீர் செல்லும் வழியும் தங்கும் இடமும் வரையறுக்கப்பட வேண்டும். மேட்டுநிலத்தில் கூடுதல் மாடிகளுக்கு இடமளித்து, அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு பள்ளத்து வயலின் உரிமையாளருக்குச் சேர வழி காணலாம். அதுவரை, வயலில் இன்று நிரப்பப்படும் ஒவ்வொரு லாரி மண்ணுக்கும் ஈடான நீர், அடுத்த பெருமழையில் பக்கத்து வீட்டு வாசலைத் தேடிச் செல்லும்.