கெஜக்கணக்கில் ஒரு மைதானம்

கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. எதிராளி அதைத் தடுக்கவோ பறிக்கவோ வருவதில்லை. எனவே ஆட்டக்காரர் செய்யும் பிழைகளுள் பல, மட்டையை வீசும் கையில் பிறப்பதற்கு முன்பே, இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்று மனத்தில் போட்ட கணக்கிலேயே பிறந்துவிடுகின்றன. விதிப்படி ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய மட்டைகள் 14. அடுத்தடுத்த இரு மட்டைகள் பந்தைச் செலுத்தும் தூரங்களுக்கிடையே பொதுவாக 10 முதல் 15 கெஜம் வரையே வேறுபாடு இருப்பதால், தூரத்தை 20 கெஜம் பிசகாகக் கணித்தவர் எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும் பந்து வேண்டாத இடத்தில்தான் போய் விழும். இந்தப் பிசகைக் களைவதற்காக, ஒவ்வொரு குழிக்கும் உரிய ஆடுபரப்பை அதன் தொடக்கமான டீ என்னும் மேடையிலிருந்து, குழி வெட்டப்பட்டுள்ள கிரீன் என்னும் கத்தரித்த புல்தரை வரை வரைந்து, இடையிலுள்ள மரம், நீர், பங்கர் எனப்படும் மணற்பள்ளம் ஆகியவற்றின் தூரங்களைக் கெஜத்தில் குறித்துத் தொகுத்த சிற்றேடே யார்டேஜ் புக் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் தூரக் கையேடு.

கண்ணளவு போதாதா என்ற கேள்விக்கு மைதானங்களை வடிவமைத்தவர்களின் கலையிலேயே விடை இருக்கிறது. கிரீனுக்கு 30 கெஜம் முன்னதாக ஒரு பங்கரை அமைத்து, அதன் மேட்டுவிளிம்பால் பின்னுள்ள வெற்றுநிலத்தை மறைத்துவிட்டால், பங்கரும் குழியில் நட்ட கொடியும் ஒட்டியிருப்பது போலத் தோன்றும். தூரம் குறைவு என்று நம்பிச் சிறிய மட்டையை எடுப்பவர் பள்ளத்தில் விழுவார். இவ்வகை மயக்குகளில் தேர்ந்தவர், மருத்துவம் பயின்று தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படைக்கு அறுவை மருத்துவராகச் சென்று, அங்கே எதிரிகள் நிலத்தோடு நிலமாக மறைந்திருந்த திறத்தைக் கூர்ந்து கவனித்துப் பின்னர் மைதான வடிவமைப்பாளராக மாறிய அலிஸ்டர் மெக்கன்சி. அவரேதான் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸை அளந்து, அதன் மேடுபள்ளங்களையும் பங்கர்களையும் காட்டும் புகழ்பெற்ற வரைபடத்தை 1924இல் வெளியிட்டார். மயக்கும் கலையை அறிந்தவரே மயக்கம் தெளிவிக்கும் படத்தையும் வரைந்தார் என்பது கோல்ஃப் வரலாற்றின் இன்பமான பொருத்தங்களுள் ஒன்று.

அந்த மெக்கன்சியின் கை பட்ட இன்னோர் இடம் கலிஃபோர்னியக் கடற்கரையிலுள்ள பெப்பிள் பீச். 1919இல் திறக்கப்பட்ட அம்மைதானத்தின் எட்டாவது கிரீனை அவர் 1920களில் திருத்தியமைத்தார். தூரக் கையேட்டின் தேவையை உணர்த்த அந்த எட்டாவது குழியை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. டீயில் நிற்பவருக்கு முன்னே மேடேறும் புல்வெளி மட்டுமே தெரிகிறது. அது செங்குத்துப் பாறையின் விளிம்பில் திடீரென முடிவதோ, அதற்கப்பால் கடல் உள்நுழைந்த பிளவைத் தாண்டியே கிரீனை அடைய வேண்டும் என்பதோ அங்கிருந்து தெரிவதில்லை. மிகத் தொலைவாக அடித்தால் பந்து கடலுக்குப் போகும். அஞ்சிக் குறைவாக அடித்தால் பிளவைத் தாண்டும் இரண்டாவது அடி கைக்கெட்டாத நீளமாகிவிடும். டீயிலிருந்து பாறை விளிம்பு வரையுள்ள தூரம் என்ற ஒற்றை எண்ணை அறிந்தவர் அங்கே அமைதியாக மட்டையைத் தேர்கிறார். அறியாதவர் ஊகத்தின் மீது அடிக்கிறார்.

அளந்து ஆடும் முறை அமெரிக்காவில் வேரூன்றிய வரலாற்றிலும் பெப்பிள் பீச்சுக்கு இடமுண்டு. அங்கே 1961இல் நடந்த யு.எஸ். அமெச்சூர் போட்டிக்கு முன்னர், அதற்கு முந்தைய ஆண்டு அப்பட்டத்தை வென்றவரும் பிற்காலத்தில் தொழில்முறைப் போட்டித்தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆணையராக 1974 முதல் 1994 வரை இருந்தவருமான டீன் பீமன், இளைஞரான ஜாக் நிக்லாஸுக்கு, மைதானத்தைக் காலடியால் அளந்து தூரங்களைக் குறித்துக்கொள்ளுமாறு ஆலோசனை கூறினார். பீமனுக்கு முன்பே ஜீன் ஆண்ட்ரூஸ் என்ற அமெச்சூர் வீரர் இம்முறையைக் கையாண்டிருந்தார். நிக்லாஸ் அப்போட்டியில் வென்றார். அதன்பின் அளக்காமல் ஆடுவதை விட்டார். அவரைக் கண்டு மற்றவர்களும் பின்பற்ற, மட்டைப்பையைச் சுமந்து ஆலோசனை கூறும் கேடிகளின் பணியில் அளத்தலும் சேர்ந்தது. 1970களில் ஜார்ஜ் லூகாஸ் என்பவர் மைதானம் மைதானமாக நடந்து, அளந்து, கையால் வரைந்து, அச்சிட்டு வீரர்களுக்கும் கேடிகளுக்கும் விற்கத் தொடங்கியபோது கையேடு ஒரு தொழிலாக உருப்பெற்றது. பந்து போகவே கூடாத மூலைகளிலிருந்தும் அவர் தூரம் குறித்துவைத்தார். தடுமாறி அங்கே நிற்பவருக்கே எண் மிகவும் தேவைப்படுகிறது என்பதை உணர்ந்த மனிதநேயமுள்ள தொகுப்பாளர் அவர்.

அச்சிட்ட கையேடு கிடைக்காத மைதானங்களே மிகுதி என்பதால், அதைத் தாமே உருவாக்கும் முறையை அறிந்துகொள்வது நன்று. முதலில் 100 கெஜ நீளத்தை நாடாவால் அளந்து, அதன்மீது இயல்பாக நடந்து, தம் காலடி எத்தனை என்று கண்டுகொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாத காலடிக்கணக்கு வெறும் எண்ணிக்கைதான். அடுத்து, இடம்பெயராத பொருள்களை, அதாவது புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்முனை, வடிகால் மூடி, தனிமரம், பங்கரின் விளிம்பு போன்றவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் கிரீனின் முன்விளிம்பு வரையுள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும். முன்விளிம்பு ஏன் என்றால், கிரீனில் குழியின் இடம் நாள்தோறும் மாற்றப்படுகிறது. போட்டி நாள்களில் தரப்படும் தாளில், குழி முன்விளிம்பிலிருந்து எத்தனை கெஜம் உள்ளே, பக்கவிளிம்பிலிருந்து எத்தனை கெஜம் தள்ளி என்ற இரண்டு எண்களே இருக்கும். கையேடு முன்விளிம்புக்கு 142 என்று காட்ட, தாள் 18 என்று காட்டினால், கொடிக்கு 160 கெஜம். மதிப்பெண் அட்டையில் அச்சிட்டுள்ள நீளமோ டீயிலுள்ள நிலையான குறியிலிருந்து கிரீனின் நடுப்பகுதி வரை அளந்தது. டீயில் அன்றாடம் நகர்த்தப்படும் குறிகள் அதனோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை.

பங்கருக்கும் நீருக்கும் இரண்டு எண்கள் வேண்டும். முன்விளிம்புக்குரிய எண் எவ்வளவு அடித்தால் பந்து உருண்டு அதனுள் போகும் என்பதையும், பின்விளிம்புக்குரிய எண் எவ்வளவு தூரம் பறந்தால் அதைத் தாண்டும் என்பதையும் சொல்கின்றன. ஒன்றை மட்டும் குறித்த கையேடு ஆபத்தைப் பாதியே சொல்கிறது. ஏற்ற இறக்கத்தையும் விடலாகாது: இலக்கு ஒரு கெஜம் உயர்ந்திருந்தால் ஏறத்தாழ ஒரு கெஜம் கூடுதலாகவும், தாழ்ந்திருந்தால் அதே அளவு குறைவாகவும் கணக்கிடுவது பொதுவழக்கு. கூகுள் எர்த் போன்ற செயற்கைக்கோள் படங்களிலுள்ள அளவுகோலைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே முதல் வரைவை முடித்துவிடலாம். எனினும் படம் எடுத்தபின் பங்கர் மூடப்பட்டிருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம் என்பதால், மைதானத்தில் நடந்து சரிபார்க்காத வரைவை நம்புவது தவறு.

லேசர் தூரமானி கையில் இருக்கும்போது ஏடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, போட்டிக்குழு தடை செய்தாலொழிய அக்கருவியைப் பயன்படுத்தலாம், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் 2021 முதல் அதை அனுமதித்தது. ஆனால் லேசர் காட்டுவது குறிபார்த்த பொருளுக்குள்ள தூரத்தை மட்டுமே. கொடிக்கு முன்னே எவ்வளவு இடம், பின்னே என்ன காத்திருக்கிறது என்பதை அது தானாகச் சொல்லாது. ஓல்ட் கோர்ஸில் இரு குழிகள் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் கிரீன்கள் ஏழு உள்ளன. அங்கே தவறான கொடியைக் குறிபார்த்தால் கருவி துல்லியமாகத் தவறான எண்ணைத் தரும். கைபேசிச் செயலிகளின் கணிப்பிலும் சில மீட்டர் பிசகு இயல்பு.

கையேடு எல்லை மீறிய காலமும் உண்டு. கிரீன்களை லேசரால் வருடி, ஒவ்வோர் அடி நிலமும் எந்தப் பக்கம், எத்தனை விழுக்காடு சாய்கிறது என்று அம்புக்குறிகளால் நிரப்பிய ஏடுகள் பரவியபோது, உருட்டியடிப்பதற்கு முன் சரிவைக் கண்ணாலும் காலாலும் உணர்ந்தறியும் திறன் தேவையற்றதாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 2019இல் அத்தகைய படங்களின் அளவு 5 கெஜத்துக்கு எட்டில் மூன்று அங்குலம், அதாவது 1:480 என்ற விகிதத்தை மிஞ்சக் கூடாது என்றும், ஏடு நாலேகால் அங்குல அகலம், 7 அங்குல நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் வரம்பிடப்பட்டது. அதுவும் போதாதெனக் கண்டு, போட்டிக்குழு ஒப்புதல் அளித்த ஏட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என விதிக்க இடமளிக்கும் உள்விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது, பி.ஜி.ஏ. டூரும் அதை ஏற்றது. அதன்கீழ் வீரரும் கேடியும் கையால் குறிப்பெழுதலாம். ஆனால் அக்குறிப்பு அவர்கள் மைதானத்தில் ஆடியோ கண்டோ, ஒளிபரப்பில் பார்த்தோ அறிந்ததாக இருக்க வேண்டும். கருவியால் சரிவை அளந்து எழுதியதாக இருத்தலாகாது. இது சரியான தீர்ப்பு. தூரம் நிலத்தைப் பற்றிய செய்தி. அதை மறைப்பதில் எவருக்கும் நன்மை இல்லை. சரிவைப் படிப்பதோ ஆட்டத்தின் திறன். அதை ஏட்டிலிருந்து விலைக்கு வாங்க விடுவது ஆட்டத்தையே குறைப்பதாகும்.

தூரச் செய்தி எல்லோருக்கும் கிடைக்க, கோல்ஃப் கிளப் நிர்வாகங்கள் நீர்க்குழாய்முனைகளில் பொறித்த எண்களை ஆண்டுக்கொரு முறையேனும் மீண்டும் அளந்து திருத்துவதும், ஆள் நடமாட்டம் குறைந்த மாலைகளில் உறுப்பினர்களும் கேடிகளும் அளப்பதற்கு அனுமதி தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கேடிகள் பல்லாண்டு சுமந்துவரும் அறிவு அவர்களோடு மறைந்துபோகாமல் இருக்க, அப்படி உருவாகும் ஏடுகளில் தொகுப்பாளர் என்று அவர்களின் பெயரையும் அச்சிட வேண்டும்.