தக்தீரின் மீது பழி போடாதீர்கள்!

"வாப்பாவுக்கும் சர்க்கரை, உம்மாவுக்கும் சர்க்கரை. எனக்கு வருவது தக்தீர். தடுக்க யாரால் முடியும்?" வலீமா விருந்தில் இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டே இப்படிப் பேசுவோர் நம்மிடையே ஏராளம். இதனை ஈமானின் உறுதி என்று அவர்கள் எண்ணுகின்றனர். இது சோம்பலுக்குப் போர்த்திய மார்க்கப் போர்வையே ஆகும்.

பரம்பரைக்குப் பங்கில்லை என்று எவரும் கூறவில்லை. கொழுப்பு உடலில் எவ்விடத்தில் படிகிறது என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. தொடையில், தோலுக்கடியில் படியும் கொழுப்பால் தீங்கு குறைவு. வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து படிவதோ இன்சுலினின் செயலை மந்தமாக்குகிறது. தெற்காசியரான நம் உடல் இதன் பக்கமே அதிகம் சாய்கிறது.

"நான் ஒல்லிதானே" என்னும் நிம்மதியும் வீண். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யூட்கினும் தம் உடல்களையே 'லான்செட்' இதழில் ஒப்பிட்டுக் காட்டினர். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3 தான். கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

அப்படியானால் நாம் கைகட்டி இருக்க வேண்டியதுதானா? இல்லை. நீரிழிவின் விளிம்பில் நின்ற இந்தியர்களிடம் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் நோய் வரும் அபாயத்தை மூன்றாண்டுகளில் 28.5 சதவீதம் குறைத்தன. அவர்களுடைய மரபணு மாறவில்லை, பழக்கம் மாறியது.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். தக்தீரை நம்மைவிட நன்கறிந்தவர் அவர்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியுள்ளது. ஃபஜ்ருக்குப் பின் ஆண்கள் நடக்கச் செல்கிறோம்; நம் வீட்டுப் பெண்கள் எப்போது நடப்பது? காலில் புண் ஆறாமல் போன பிறகுதான் உம்மாவின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டுமா?

இன்றே அளவு நாடாவை எடுங்கள். இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லையை எட்டிவிட்டால், எடை எதுவாயினும் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். பெற்றோருக்கு நோயிருந்தால் அளவு பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பாழாக்கிவிட்டுப் பழியை அவன் விதியின் மீது சுமத்துவது அடியானுக்கு அழகன்று.