கேக்ல என்ன இருக்குன்னு எழுதி வைங்க

திருநெல்வேலிக்குப் படிக்க வந்துட்டு அல்வா வேண்டாம்னு சொல்றவனைப் பார்த்திருக்கீங்களா? என் ரூம்மேட் மூணு வருஷமா அதைத்தான் சொல்றான். அவனுக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். நம்ம அல்வாவோ, கோதுமையை ஊறவெச்சு அரைச்சுப் பிழிஞ்ச பாலில் கிண்டுறது.

"கொஞ்சூண்டு தின்னா என்னலே ஆவும்?" நானும்தான் கேட்டிருக்கேன். போன வருஷம் அவன் பிறந்தநாளுக்கு ஒரு பேக்கரியில் விசாரிச்சேன். "ராகி கேக் இருக்கு தம்பி, உடம்புக்கு நல்லது"ன்னாங்க. வாங்கிட்டு வந்தேன். அதில் மைதாவும் கலந்திருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சது. ரெண்டு நாள் அவன் கிளாஸுக்கு வரல. கடைக்காரர் பொய் சொல்லல. நான் கேட்டது அவருக்குப் புரியல. எனக்கும் சரியாக் கேட்கத் தெரியல.

"அது வடநாட்டு வியாதிப்பா"ன்னு சிலர் சொல்வாங்க. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருட்கள் ரத்தத்தில் இருந்தது. ஆனா இதற்கான மரபணுக்கூறு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பெரிய வித்தியாசம், சாப்பிடும் கோதுமையின் அளவு. இப்ப நம்ம ராத்திரிச் சாப்பாடு என்ன? பரோட்டா!

இதுக்குப் பெருநகரம் மாதிரி தனி 'குளூட்டன் ஃப்ரீ' பேக்கரி வேணுமா? வந்தா சந்தோஷம். ஆனா தாமிரபரணித் தண்ணியில் நெல் விளையுற ஊர் இது. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாமே அரிசிதான். சிக்கல் மறைஞ்சு இருக்கு. கடையில் விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதில் மைதாவோ கோதுமை மாவோ உண்டு. அது சாம்பாரில் விழும். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊத்துவாங்க.

தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கோங்க. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மாவே கிடையாது. என் ரூம்மேட்டுக்குக் கொண்டாட்டம். ஆனா முட்டையோ முந்திரியோ ஒத்துக்காதவங்களுக்கு அதுவே ஆபத்து. அதனால 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு ஒரு போர்டு மட்டும் போதாது. என்னென்ன போட்டிருக்குன்னு சொல்லணும்.

பாக்கெட் பண்டங்களில் கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா மாதிரி ஒவ்வாமை தரும் பொருட்களைக் குறிப்பிடணும்னு 2020-ஆம் வருட லேபிள் விதிகள் சொல்லுது. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே தட்டில் இருக்கிற கேக்ல அப்படி எதையும் நான் பார்த்ததில்லை.

சின்னக் கடைக்கு இது பாரம் இல்லையான்னு கேட்பீங்க. தனி அடுப்பு, தனி மாவு மிஷின், டெஸ்ட் எல்லாம் பாரம்தான். ஒரு அட்டையில் 'மைதா, முட்டை, முந்திரி'ன்னு எழுதுறது பாரமில்ல. "இங்க மைதா பறக்கும், உறுதி சொல்ல முடியாது தம்பி"ன்னு சொன்னாலும் அது நல்ல பதில்தான்.

முதல்ல நம்ம கேன்டீன்லயும் சிம்போசியம் ஸ்டால்லயும் ஆரம்பிப்போம். எழுதுறதுக்கு நான் வர்றேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க: ஒருத்தன் ஒத்துக்காதுன்னு சொன்னா, "கொஞ்சூண்டு"ன்னு நீட்டாதீங்க.