வலது முழங்கையில் ஒரு மச்சம்

பிளஸ் டூ முடித்துப் பள்ளியை விட்டுப் போகிறவனைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரியவேண்டிய சங்கதிகளில் இரண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது. இன்னொன்று, நடத்தை எப்படி. அங்க அடையாளத்தைப் பத்தாம் வகுப்பிலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். ஆனாலும் எங்கள் கிளாஸ் சார் சரிபார்க்காமல் விடமாட்டார். வரிசையில் நிறுத்தி, சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேடுவார். ஒருத்தனுக்கு எங்கேயும் அகப்படவில்லை. "ஒண்ணுகூடவாலே இல்ல? வீட்டுல கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அவன் வந்து, "முதுகுல இருக்காம் சார், எங்கம்ம சொன்னா" என்றான். சார் முதுகைத் திருப்பிப் பார்க்காமலே எழுதிக்கொண்டார். அம்மா சொன்னால் அப்பீல் கிடையாது.

நடத்தைக்கு நேராக எல்லாருக்கும் 'நன்று'. கணக்கு சாரின் சைக்கிளில் வாரம் தவறாமல் காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கும் அதே 'நன்று'தான்.

இது 1993. திருநெல்வேலியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த ஒரு பள்ளி. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978-ல்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பதினொன்றாவதோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யூ.சி.க்குக் கல்லூரிக்குப் போன கூட்டம். அவர்கள் பள்ளியைப் பிரிந்து அழுததாக ஒரு தகவலும் இல்லை. நாங்கள்தான் ஆட்டோகிராஃப் புத்தகம் வாங்கி முறையாகப் பிரிந்தோம்.

ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கலர் கலராகத் தாள் வைத்த குட்டிப் புத்தகம் அது. பிப்ரவரி பிறந்ததும் வகுப்பில் சுற்ற ஆரம்பிக்கும். என்னுடையதை இப்போது புரட்டினால் ஒருவரையும் அடையாளம் தெரியாது. வாழ்க்கையைக் கடலாக்கி நட்பைக் கப்பலாக்கியவர்கள் பாதிப்பேர். ரயிலில் ஏற்றிவிட்டவர்கள் மீதி. லட்சியம் என்ற இடத்தில் எல்லாருக்கும் கலெக்டர் வேலை. அத்தனை பேருக்கும் போஸ்டிங் போட்டிருந்தால் தாலுகாவுக்கு மூன்று கலெக்டர் தேறியிருப்பார்கள். தாளை முக்கோணமாக மடித்து 'பிரிக்காதே' என்று மேலே எழுதியவர்களும் உண்டு. உள்ளே 'ஆல் தி பெஸ்ட்' இருக்கும்.

பெண்கள் பக்கம் நீட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, மூன்றாவது ஆள் மூலம் கொடுத்தனுப்பி, காத்திருந்து வாங்கிப் பார்த்தால் அச்சடித்த மாதிரி எழுத்தில் 'அன்புச் சகோதரருக்கு' என்று தொடங்கியிருக்கும். எங்கள் வகுப்பில் அநேகம் பேருக்கு அன்றைக்கே படிப்பு முடிந்துவிட்டது.

இதனால்தானோ என்னவோ, பள்ளி நினைவு என்றதும் சினிமா கொண்டுவந்து கொட்டும் ஏக்கம் எனக்கு ஒட்டுவதே இல்லை. சேரனின் 'ஆட்டோகிராஃப்' 2004-ல் வந்தபோது எங்கள் செட்டில் பலபேர் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். 2018-ல் '96' வந்த பிறகு, அந்தக் காலத்தில் பேசாத காதலெல்லாம் இருந்ததாக ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். சும்மா கதை. பதினேழு வயதில் எங்களுக்கிருந்த பெரிய கவலை தவளை.

விலங்கியல் செய்முறைத் தேர்வுக்கு அப்போது தவளை அறுக்க வேண்டும். மெழுகுத் தட்டில் மல்லாக்கப் படுக்கவைத்துக் குண்டூசி குத்தி, ரத்தக் குழாயை அறுத்துவிடாமல் விலக்கிக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்கத் தவளை நிறைய தேவைப்பட்டது. வயக்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருத்தன் சப்ளையை எடுத்துக்கொண்டான். ராத்திரி டார்ச் அடித்துப் பிடித்து, காலையில் தூக்குவாளியில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுவருவான். சின்னது ஒரு ரூபாய், பெரியது ஒன்றரை. கடனும் கொடுப்பான். எங்களுக்கு அவன் 'காண்டிராக்டர்'.

ஒருநாள் காலைக் கூட்டத்தில், பஸ் சுலோசன முதலியார் பாலத்தில் ஏறும்போது, வாளி மூடி கழன்றது. 1843-ல் திறந்த பாலம். என்னென்னவோ பார்த்திருக்கும், இதைப் பார்த்திருக்காது. முதல் தவளை ஓர் ஆச்சியின் மடியில் இருந்த பூக்கூடைக்குள் குதித்தது. இரண்டாவது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போனது. மூன்றாவது எங்கே என்று தெரியாததால் பஸ்ஸே எழுந்து நின்றது. ஜங்ஷனில் நிறுத்திவிட்டுக் கண்டக்டர் வந்து கேட்டார்:

"ஏல, இதுக்கெல்லாம் லக்கேஜ் போட்டியால?"

"பரிட்சைக்குப் போவுது அண்ணாச்சி" என்றான் இவன்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். பயணிகள் சிலரே குனிந்து பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி மட்டும், பூவைத் தொட்டுவிட்டதால் அந்தத் தவளையைத் தரமுடியாது என்று முதலில் மறுத்தாளாம். ஏன் மறுத்தாள் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு ஆட்டோகிராஃப் எழுதியவர்களில் கப்பலும் ரயிலும் ஓட்டாத ஒரே ஆள் இவன்தான். மஞ்சள் தாளில், கோணல் எழுத்தில்: 'ரெண்டு தவளைக்கு மூணு ரூவா பாக்கி. நல்லா இரு.' அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஓர் ஆள் தெரிகிறான், ஈர வாளியோடு.

வேதியியல் லேபில் இன்னொருத்தன் பெயர் வாங்கினான். பர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் ஊற்ற வேண்டும், பிப்பெட்டில் உறிஞ்ச வேண்டியது வேறு கரைசல். இவன் இடம் மாற்றி, அதையும் வேகமாக உறிஞ்சிவிட்டான். ஊதா நிறத்தில் துப்பினான், துப்பினான், துப்பிக்கொண்டே இருந்தான். பல்லெல்லாம் பழுப்பேறிவிட்டது. மறுநாளைக்கென்றா குரூப் போட்டோ வரவேண்டும்? வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்த்துவிட்டு, என்ன சீரியஸான பையன் என்று என் மனைவி பாராட்டினாள்.

அந்தப் போட்டோவில் இன்னொரு அதிசயம் உண்டு. அன்றைக்கு லீவு போட்டவனை ஸ்டுடியோக்காரர் பாஸ்போர்ட் படம் வாங்கி, வலது மூலையில் ஒரு வட்டத்துக்குள் ஒட்டிவிட்டார். பெஞ்சு மேல் ஏறி, வெயிலில் கண்ணைச் சுருக்கி, தலைமையாசிரியர் தலை மறைக்காமல் எட்டிப்பார்த்த நாங்களெல்லாம் கும்பலில் ஒரு தலை. வராதவன் சாமி படம் மாதிரி தனியாக ஒளிவிடுகிறான்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பிரில் இங்க் அடித்துக்கொண்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் நடந்ததுதான். வெள்ளைச் சட்டையைத் தம்பிக்கு என்று எடுத்துவைத்திருந்த அம்மாக்களிடம் எல்லா ஊரிலும் அடியும் கிடைத்திருக்கும்.

ரிசல்ட் அப்போது பேப்பரில் வரும், வெறும் நம்பராக. சாயங்காலப் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு பையன்கள் ஓடிவந்தால் பஸ் ஸ்டாண்டே மொய்க்கும். எங்களில் ஒருத்தன் நம்பர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பக்கத்து ஜில்லாவரை தேடியாயிற்று. அன்று ராத்திரி அவன் வீட்டில் துக்க வீட்டுக் கூட்டம். அம்மா சாப்பிடவில்லை. மாமா ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆள் இருக்கிறது என்று சொல்லி வேலையே முடிவு செய்துவிட்டார். காலைப் பேப்பரில் நம்பர் இருந்தது. முந்தின நாள் அச்சில் விட்டுப்போயிருக்கிறது. பிறகு மார்க் ஷீட் வந்தபோது 1200-க்கு 612. "ராத்திரி பூரா அழுததுக்கு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்பான். மாமாவுக்குத்தான் வருத்தம், சொன்ன வாக்கு போய்விட்டதே என்று. இப்போது மொத்தமே 600 ஆகிவிட்டதால், இந்தக் கதையைக் கேட்கும் அவன் பிள்ளைகள் அப்பாவை மேதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனும் திருத்துவதில்லை.

இப்போது எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அட்மின் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சார் இல்லாத பீரியடில் பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதிவைத்த அதே வகுப்பு லீடர். அரசியல் பேசினால் ஒரு எச்சரிக்கை, மறுபடி பேசினால் நீக்கம். அன்றைக்குப் போர்டில் முதல் பெயராக வந்தவன்தான் இன்றும் மாதம் ஒருமுறை வெளியே போய்வருகிறான். திரும்பச் சேர்ப்பதற்கு 'மேடம், இனிமேல் பேசமாட்டேன்' என்று எழுதித்தர வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு சந்திப்பு வைப்பதாகப் பேச்சு நடக்கிறது. தேதி முடிவாகவில்லை, இடம் முடிவாகவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிப்பது மட்டும் முடிவாகி, லீடர் அளவு கேட்டிருக்கிறாள். மீடியம் என்று போட்டவன் ஒரே ஒருத்தன், மூலையில் வட்டத்துக்குள் இருப்பவன். அவனை யாரும் நம்பவில்லை. முழு உயரப் போட்டோ அனுப்பினால்தான் பெயரைச் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். இன்னும் அனுப்பவில்லை.